திருவொற்றியூரில் வீடு பார்க்கிறவருக்கு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இணையத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் கும்பகோணத்துக்காரர். மணலியில் வேலை கிடைத்திருக்கிறதாம். "சிறிய ஊரில் வளர்ந்தவன் நான். திருவொற்றியூர் சென்னைதான் என்கிறார்கள் சிலர், தனி ஊர் என்கிறார்கள் சிலர். வளர்ந்துகொண்டிருக்கும் சிறிய நகரத்தில் குடியிருப்பது எப்படி இருக்கும்? பிள்ளைகளோடு வரலாமா?" என்று கேட்கிறார். அதற்குக் கீழே மூன்று பேர் வந்து "வடசென்னையா, ரௌடி இருக்கிற பக்கம், யோசித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது எங்கள் ஊர்த் தேரடியில் இறங்கி ஒரு டீ குடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்தவன். இங்கேயே பள்ளி முடித்து, இன்றும் இங்கிருந்துதான் கிண்டிக்குக் கணக்கு எழுதப் போகிறேன். நீளமாகத்தான் வரும்.

2011 அக்டோபர் வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். உங்கள் கும்பகோணத்தில் அப்போது ஒன்றரை லட்சம்கூட இல்லை. ஆக, சிறிய ஊரிலிருந்து பெரிய ஊருக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அந்த அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நாங்கள், கத்திவாக்கம், மணலி, மாதவரம் என்று வடக்கே இருந்த நகராட்சிகள் எல்லாம் உள்ளே போனோம். 155 வார்டுகள் 200 ஆயின. எங்களுக்கு முதல் மண்டலம் என்று பெயர். வரிசை எண்ணில் மட்டும் முதல்.

ஆனால் என் அம்மா இன்றும் பாரிமுனைக்குப் போவதைப் "பட்டணம் போகிறேன்" என்றுதான் சொல்கிறார். மாநகராட்சி ஆணை அவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

2 பிப்ரவரி, இரவு

"தனி ஊர் என்றால் அங்கே எல்லாம் கிடைக்குமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்கும். மீன், பூ, தங்கம், ஜாதகம், சைக்கிள் பஞ்சர் எல்லாம் நடக்கிற தூரத்தில். கிடைக்காதது ஒன்றே ஒன்று. அது என்னவென்று நாளை எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்விட்டது.

3 பிப்ரவரி

கிடைக்காதது வேலை.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் இந்த ஊரே வேலைக்காகப் பெருத்த ஊர். எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது இங்கேதான். புல்லட் வண்டியை 1955 முதல் இங்கே உருவாக்கினார்கள். தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரில் ஒரு நகரும் ஒரு ரயில் நிலையமும் ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. வடக்கே எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பிறகு அது அசோக் லேலண்ட் ஆனது. செஞ்சிப் பக்கத்திலிருந்து, நெல்லூரிலிருந்து, வந்தவாசியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் அப்பாவும் அப்படி இறங்கியவர், ஃபிட்டர்.

எங்கள் தெருவில் நேரம் பார்க்கக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. முதல் ஷிப்டுக்கு ஆலைச் சங்கு, சாப்பாட்டுக்குச் சங்கு, ஷிப்ட் முடிந்தால் சங்கு. சாப்பாட்டுச் சங்கு ஊதிச் சிறிது நேரத்தில் அப்பா சைக்கிளை வாசலில் சாத்துவார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். தீபாவளி போனஸ் எவ்வளவு என்று தெரிந்த மறுநாள் தேரடியில் துணிக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. கடைக்காரர்களுக்கு எந்த ஆலையில் எத்தனை சதவீதம் என்பது தொழிலாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அந்த ஊர் தானே சம்பாதித்துத் தானே செலவழித்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே வெளியே போகிறவர்களைப் பார்த்தால் கிண்டி, தேனாம்பேட்டை, பெருங்குடி, சோழிங்கநல்லூர். கும்பகோணத்து நண்பருக்கு நான் சொல்ல வருவது இதுதான்: நீங்கள் மணலியில் வேலை செய்து திருவொற்றியூரில் குடியிருக்கப் போகிறீர்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கிடைக்காத வசதி அது. ஊர் பெரியதா சிறியதா என்று அளப்பதற்கு முன், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியுமா என்று அளந்து பாருங்கள்.

5 பிப்ரவரி

எதிர்பார்த்தேன். "ஆலைகள் எல்லாம் இன்னும் ஓடுகின்றனவே, மூடிவிட்டது போல் எழுதுகிறீர்களே" என்று ஒரு தொழிற்சங்கத்துப் பெரியவர் மடக்கியிருக்கிறார். மூடிவிட்டது என்று நான் எழுதவில்லை ஐயா. பல ஆலைகள் ஓடுகின்றன. ஆனால் புல்லட்டின் பெரிய தொழிற்சாலைகள் 2013 முதல் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் எழும்பின. புதிய வேலை தெற்கே போய்விட்டது, பழைய கேட் இங்கே நிற்கிறது.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதை அப்படியே ஏற்கிறேன்: வேலை போய்விடவில்லை, வேலையின் உரிமையாளர் மாறிவிட்டார். முன்பு நிரந்தரத் தொழிலாளி, இப்போது ஒப்பந்தக்காரர் வழியாக வருகிற பையன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். எங்கள் பின் தெருவில் முன்பு நான்கு குடும்பங்கள் இருந்த லைன் வீட்டில் இப்போது அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள்தான் கடைத்தெருவின் கூட்டம். எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி இந்தியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். "கடுகு எண்ணெய் வைக்காவிட்டால் வியாபாரம் இல்லை தம்பி" என்கிறார்.

அப்பா வந்து இறங்கியபோது இதே தெருவில் "எந்த ஊரோ, யாரோ" என்று கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்களாம். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களின் பேரன்கள் இன்று இந்தப் பையன்களைப் பார்த்து அதையே சொல்கிறார்கள். ஊர் வளர்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம், போன தலைமுறையில் வந்தவன் இந்தத் தலைமுறையில் வருகிறவனைக் குறை சொல்வது.

9 பிப்ரவரி

மெட்ரோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். தேரடி நிலையமும் பணிமனை நிலையமும் ஓராண்டு கழித்து. அதற்கு முன் பாரிமுனைக்குப் போவது என்பது ஒரு தவம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ் ஊரும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, தூங்கி எழுவதைப் பார்த்திருக்கிறேன். "விரைவுச் சாலை" என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை.

இப்போது காலடிப்பேட்டையில் ஏறினால் உட்கார்ந்தபடியே கிண்டி. தண்டையார்பேட்டை நெருங்குகிற வரை வெளிச்சம், பிறகு சுரங்கம், சைதாப்பேட்டை தாண்டியதும் மறுபடி வெளிச்சம். நல்ல காற்று, சுத்தமான இருக்கை, மறுப்பதற்கில்லை.

ஆனால் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா அதில் ஏறுவதில்லை. அவருக்குத் தேனாம்பேட்டையில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதம் மிச்சமாகிற பணத்தில் மகனின் டியூஷன் போகிறது. "நேரம் போனால் போகட்டும் தம்பி, நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்" என்றார். மெட்ரோ வந்ததால் ஊர் மாறிவிட்டது என்று எழுதும் நான் மெட்ரோவில் போகிறவன். மேலே மெட்ரோவும் கீழே பஸ்ஸுமாக ஊர் இரண்டாகத்தான் போகிறது.

மின்சார ரயிலை யாரும் பேசுவதில்லை. மணலியில் வேலை என்பதால் உங்களுக்குப் பயன்படாது. ஆனால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற அந்தப் பாதைதான் இந்த ஊரை நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. காலை வண்டியில் மீன் கூடையும் கீரைக் கட்டும் கல்லூரிப் பையும் ஒரே பெட்டியில் வரும்.

10 பிப்ரவரி

வாடகை. மெட்ரோ நிலையத்துக்கு அருகில் என்று தரகர் சொன்னால், நடந்து போய்ப் பாருங்கள். இங்கே எர்ணாவூர் வரை எல்லாமே மெட்ரோவுக்கு அருகில்தான். அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள், ஆறுக்கு இறங்குவார்கள். போக்கியத்துக்கும் வீடு கிடைக்கும், பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

14 பிப்ரவரி

இன்று மெட்ரோவுக்கு நான்காவது பிறந்தநாள். லிப்ட் வேலை செய்யவில்லை. கொண்டாட்டத்துக்குப் படிக்கட்டில் ஏறினோம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

"கடலோர ஊர்தானே, மாலையில் கடற்கரைக்குப் போகலாமே" என்று கேட்டிருக்கிறார் கும்பகோணத்து நண்பர். என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

கடல் இருக்கிறது. கரை இல்லை. கருங்கல் இருக்கிறது.

காரணம் எளிது. எங்கள் கடலில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. நின்ற மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்றைய மெரினாவின் அகலம். சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை, ஆனால் கடல் எடுத்துக்கொள்வதை நிறுத்தவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை போனது. தெருக்கள் போயின, குப்பங்கள் பின்வாங்கின, கோயில்கள் போயின. பிறகு கல்லைக் கொட்டினார்கள். இங்கே கல் கொட்டினால் அதற்கு வடக்கே அரிக்கும், அங்கேயும் கொட்ட வேண்டும். அப்படியே கல்லும் எண்ணூர் நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

சென்னைக்காரர்கள் மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே "வடசென்னையில் நல்ல கடற்கரை இல்லையே" என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நீங்கள் உட்கார்ந்திருப்பது எங்கள் பங்கு மணலில், சார்.

என் பள்ளிக்காலத்தில் பட்டினத்தார் சமாதிக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆட இடம் இருந்தது. எல்லைக்கோடு அலைதான். இன்று அதே இடத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், இறங்க முடியாது. தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர்களின் மறைவில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. பையன்கள் அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். காசிமேட்டு நெரிசல் குறையும், விலை நேரடியாகக் கிடைக்கும் என்று குப்பத்து நண்பன் நம்புகிறான். "இன்னொரு சுவர் கடலுக்குள் போகிறதே" என்றேன். "இருக்கிற சுவரை எடுக்கவா போகிறார்கள்? எங்களுக்கும் ஒன்று இருக்கட்டும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

17 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பொறியாளர், "துறைமுகம் இல்லாமல் உங்கள் ஊர் ஆலைகளே வந்திருக்காது" என்று எழுதியிருக்கிறார். சரிதான். கரையைக் கொடுத்துச் சங்கை வாங்கினோம். இப்போது சங்கும் ஒரகடத்துக்குப் போய்விட்டது, அதுதான் என் புகார்.

19 பிப்ரவரி

காற்றைப் பற்றி எழுதாமல் விட்டால் ஏமாற்று வேலை.

மேற்குக் காற்று அடிக்கிற இரவுகளில் மணலிப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வரும். சில நாள் அழுகிய முட்டை, சில நாள் கேஸ் கசிந்த நெடி. வந்து குடியேறுகிறவர்கள் முதல் வாரம் அடுப்பை மூடினோமா என்று எழுந்து பார்ப்பார்கள். பிறகு எழ மாட்டார்கள். பழகிவிடுவதை நான் நல்ல செய்தியாகச் சொல்லவில்லை. என் மகளுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது. மருத்துவர் முதலில் கேட்டது "வீடு எந்தப் பக்கம்" என்று. சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, மருந்து எழுதினார்.

எண்ணூரில் 1970 முதல் நிலக்கரி எரித்த பழைய அனல்மின் நிலையத்தை 2017இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு வடக்கே, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் 1990களில் வந்த இன்னொரு அனல்மின் நிலையம் ஓடுகிறது. சாம்பல், கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி, அதில் இறால் பிடிக்கிறவர்கள், அவர்களுடைய வழக்குகள் எல்லாம் தனிக்கதை, எண்ணூர்க்காரர் யாராவது எழுத வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கரியாக ஒட்டியது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். தெற்கே இருக்கும் என் அலுவலகத் தோழர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லையே" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மீன்காரம்மா ஒரு மாதம் வரவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு இரைப்பு இருந்தால் பலமுறை யோசியுங்கள். முதலில் வந்து பயமுறுத்திய அந்த மூவர் இதைச் சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன். அவர்கள் ரௌடி என்றார்கள்.

23 பிப்ரவரி

தண்ணீர் பற்றி நண்பரின் மனைவி கேட்கச் சொன்னாராம். அவர்தான் விவரமானவர் என்று தெரிகிறது.

நிலத்தடி நீர் கடலோரத்தில் உப்பு. போர் போட்டால் பாத்திரம் கழுவலாம், அதுவும் பாத்திரம் வெள்ளை பூக்கும். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன். சென்னையின் முதல் ஆலை அதுதான். அதற்குப் பிறகு வடசென்னையில் குழாய்த் தண்ணீர் ஓரளவு நிலைத்தது. என் சிறு வயதில் அம்மா இரவு இரண்டு மணிக்கு அடிபம்பு வரிசையில் குடம் போட்டுவிட்டு வந்து படுப்பார். இன்று அந்த வரிசை இல்லை. மே மாதத்தில் மட்டும் லாரி வருகிற தெருக்கள் உண்டு. வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

நகராட்சியாக இருந்தபோது குழாய் உடைந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வருவார், திட்டுவோம், மாலையில் ஆள் வரும். இப்போது கைப்பேசிச் செயலியில் புகார் எண் கிடைக்கிறது. எண் உடனே வந்துவிடுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. குழாய் எப்போது வரும் என்பது வேறு துறையின் வேலை.

நேர்மையாகச் சொன்னால் பணம் இப்போதுதான் வருகிறது. 2023 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று மூன்று ஆண்டுகளுக்கு ஆயிரம் கோடி ரூபாய் அறிவித்தார்கள், பிறகு அதைப் பெருக்கினார்கள். பழைய நகராட்சியால் அப்படி ஒரு தொகையைக் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. திட்டுவதற்கு ஒரு முகம் இருந்த காலமா, செலவழிக்கக் காசு இருக்கிற காலமா, எது மேல் என்று என்னைக் கேட்டால் திங்கள்கிழமை ஒன்று சொல்வேன், மழை பெய்கிற நாளில் வேறொன்று சொல்வேன்.

2 மார்ச்

ரௌடி விஷயம். மூவரில் ஒருவர் திரும்பி வந்து சினிமாக்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். சினிமாவில் எங்கள் தெருக்களில் எப்போதும் இரவு, எப்போதும் மழை, எல்லோர் கையிலும் கத்தி. எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்குக் கையில் இருப்பது கேரம் ஸ்ட்ரைக்கர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இங்கே கேரம் மன்றங்கள் தெருவுக்குத் தெரு இருப்பதற்குக் காரணம் எளிமையானது: ஒரு பலகை போட இடம் போதும், மைதானம் தேவையில்லை. மைதானம் இருந்த வியாசர்பாடியில் கால்பந்து வளர்ந்தது.

குற்றமே இல்லையா என்றால் இருக்கிறது. எந்த ஊரிலும் இருக்கிற அளவா, கூடுதலா என்று என்னிடம் கணக்கு இல்லை. என் மகள் இரவு ஷிப்ட் முடித்துத் தேரடியில் இறங்கி நடந்து வருகிறாள், பூக்கடை அக்கா அவளைப் பார்த்து "இன்றைக்கு ஏன் தாமதம்" என்று கேட்கிறார். பெருங்குடியில் தோழிகளோடு சில மாதம் அறை எடுத்துத் தங்கினாள். அங்கே பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே திரும்பி வந்தாள். அந்தப் பூக்கடைக் கேள்வி அவளுக்குச் சில நாள் எரிச்சலாகவும் இருக்கிறது. "அப்பா, ஊரே எனக்கு மாமியார்" என்கிறாள். சிறிய நகரம் வேண்டும் என்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ, வடசென்னை முழுக்க மாலைக் கடை. நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கும்பகோணத்து நாக்குக்கு முதல் நாள் பிடிக்காது. மூன்றாம் நாள் நீங்களே போய் நிற்பீர்கள். ஒரு வரி என்றேன், நீண்டுவிட்டது.

9 மார்ச்

எங்கள் தியாகராஜர் கோயிலில் மாசித் திருவிழா. கடந்த இரண்டு நாளாக ஷேர் ஆட்டோக்கள் தேரடிக்கு முன்பே இறக்கிவிட்டுவிடுகின்றன. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் இன்னும் மோசம், காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு எங்கள் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் தெருவை நிறைத்துவிடுவார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் எங்கள் கோயில் ஆதிபுரீசுவரரின் கவசத்தைத் திறப்பார்கள், அப்போது நீங்கள் வாகனத்தை வெளியே எடுக்க நினைக்காதீர்கள்.

இந்தத் திருவிழாவில் நடக்கிற மகிழடி சேவை எதற்கு என்று புதிதாக வந்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்தபோது மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம் செய்தார், ஒற்றியூரை விட்டுப் போக மாட்டேன் என்று. பிறகு திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார், எல்லையைத் தாண்டியதும் கண் போனது. அந்தப் பையன் துரைப்பாக்கத்தில் வேலை செய்கிறவன். கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் மெட்ரோவில் டோல்கேட் நிலையம் தாண்டும்போது எத்தனை பேர் குருடாக வேண்டும் சார்" என்றான்.

சிரித்தேன். சிரித்த பிறகு தோன்றியது, நான் பிப்ரவரி 3இல் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். வேலை வெளியே போனபோது ஊர் கலைந்துவிடும் என்று என் தலைமுறை நினைத்தது. பாதித் தெரு அம்பத்தூருக்கும் தாம்பரத்துக்கும் போகும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சிலர் போனார்கள். ஆனால் தேர் வடத்தைப் பிடிக்க வந்த கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகங்களில் பலர் தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து தெற்கே வேலை பார்க்கிறவர்கள். அங்கேயே குடிபோகலாம், சம்பளம் இடம் கொடுக்கும் சிலருக்கு. போகவில்லை. அம்மா இங்கே, பள்ளி இங்கே, சொந்த வீடு இங்கே, வாடகை அங்கே இரண்டு மடங்கு. பக்திதான் காரணம் என்று சொன்னால் நம்பாதீர்கள், வாடகைதான் முக்கால் காரணம். மீதிக் காலுக்கு என்னிடம் பெயர் இல்லை.

16 மார்ச்

கும்பகோணத்து நண்பர் சென்ற வாரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். காலடிப்பேட்டையில் ஒரு வீடு பிடித்ததாம், ஆனால் அதே பணத்துக்கு மீஞ்சூர் பக்கம் மனையே வாங்கலாம் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்துவிட்டது, துறைமுகம் பக்கம், விலை ஏறும் என்பது அவர்கள் பேச்சு.

ஏறலாம். மீஞ்சூரும் பொன்னேரியும் இன்று இருக்கிற நிலையில்தான் நாங்கள் என் அப்பா இறங்கிய காலத்தில் இருந்தோம். ஆலை வருகிறது, ஆள் வருகிறது, நெல் வயலில் கல் நட்டுக் கயிறு கட்டுகிறார்கள். உங்கள் வயதுக்கு அது நல்ல முதலீடாக இருக்கலாம், குடியிருக்க இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். ஆனால் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பூண்டி ஏரி நிரம்பித் திறந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலை வழியாக எண்ணூருக்குத்தான் வரும். புழல் உபரி நீர் மணலிக்கு வடக்கே சடையங்குப்பம் வழியாக வரும். மணலி புதுநகர் 2015இலும் 2021இலும் 2023இலும் மூழ்கியதற்கு வேறு ரகசியம் இல்லை. மனை காட்டுகிறவர் வெயில் காலத்தில்தான் காட்டுவார். நீங்கள் அவரை அனுப்பிவிட்டுத் தனியாகப் போங்கள், அருகே பழைய வீடு ஒன்றைத் தேடி, சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இடுப்புக்கு மேல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காலடிப்பேட்டை வீட்டைப் பற்றி: முதல் மாடி என்றால் எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மணலிக்குச் சாத்தாங்காடு வழியாகப் போங்கள், காலை எட்டுக்கு முன் கிளம்பினால் லாரிகள் குறைவு.